டுவீட்டருக்கு அம்ப்ளிஃபயர்: வாட் கணக்கைவிட முக்கியமானவை

டுவீட்டருக்கு, அதாவது மேல் அதிர்வெண் ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கருக்கு, தனி அம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விற்பவர்களும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்: "அண்ணன், இது நூறு வாட், யோசிக்காமல் எடுங்கள்." வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் சில ஆண்டுகளாகப் பல அம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிக் கேட்டவன் என்ற வகையில் என் முடிவு வேறு. பாட்டு ஓடாதபோது அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மின்சாரம் போய் வரும்போது எப்படி நடந்துகொள்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாட் கணக்குக்கு வர வேண்டும்.

என்னிடம் இருப்பது 12 அங்குல வூஃபரும் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஹோர்ன் (கூம்பு வடிவக் குழல்) பொருத்திய கம்ப்ரெஷன் டுவீட்டரும். டிஜிட்டல் கிராஸ்ஓவர் 1,500 ஹெர்ட்ஸில் ஒலியைப் பிரித்து, கீழே உள்ளதை வூஃபருக்கும் மேலே உள்ளதை டுவீட்டருக்கும் அனுப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனி அம்ப்ளிஃபயர். டுவீட்டரின் உணர்திறன் 108 டெசிபெல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் அவ்வளவு சத்தம். வீட்டில் உச்சத்தில் 98 டெசிபெல் வந்தாலே அடுத்த வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதற்குத் தேவை ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் இதே உணர்திறன் அம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் காதுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. 8 ஓமில் ஒரு வாட் என்பது 2.83 வோல்ட். அம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல் 1 மில்லிவோல்ட் என்றால் அது அந்த ஒரு வாட்டுக்கு 69 டெசிபெல் கீழே. அதை 108இல் கழித்தால் மிஞ்சும் 39 டெசிபெல்தான் ஒரு மீற்றரில் கேட்கும் இரைச்சல். 100 மைக்ரோவோல்ட் என்றால் 19. நான் முதலில் பயன்படுத்திய பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரில் பகலில், மின்விசிறி சுற்றும்போது, எதுவும் தெரியவில்லை. காலி வீதி அடங்கிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்தால் 'உஸ்' என்று தெளிவாகக் கேட்டது. கச்சேரியில் தனி ஆலாபனைக்கு நடுவே வரும் இடைவெளிகள் எல்லாம் அதனால் கெட்டன.

அடுத்தது TPA3116 சிப் வைத்த சிறிய கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடி வேலை செய்யும் வகை) பலகை. சிறியது என்று ஒதுக்கிவிடக்கூடிய பொருள் அல்ல அது. அந்தச் சிப்பின் பெருக்கத்தை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குகிறது என்ற அளவு) 20, 26, 32, 36 டெசிபெல் என்று நான்கு படிகளில் வைக்கலாம். இரண்டு மின்தடைகளை மாற்றி 20க்கு இறக்கியதும் இரைச்சல் நன்றாகக் குறைந்தது. ஆனால் அதன் வெளியீட்டு வடிகட்டி குறிப்பிட்ட ஓம் சுமைக்காகக் கணக்கிடப்பட்டது. டுவீட்டரின் மின்மறுப்பு (அம்ப்ளிஃபயருக்கு அது காட்டும் ஓம் அளவு) அதிர்வெண்ணோடு மாறுவதால் மேல் முனையில் ஒலி கொஞ்சம் தூக்கலாகி, வயலின் வில்லின் உரசல் கூர்மையாகக் கேட்டது.

நண்பர் ஒருவர் கட்டிய கிளாஸ் ஏ (டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வகை) அம்ப்ளிஃபயரையும் இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஜோன் லின்ஸ்லி ஹூட் 1969இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட 10 வாட் வடிவமைப்பு. டுவீட்டர் வேலை செய்வது மில்லிவாட்டுகளில். டிரான்சிஸ்டர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கிளாஸ் ஏபியில் ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து மற்றதற்குக் கைமாறும் இடத்தில் வரும் சிதைவு அந்தச் சிறிய அளவில்தான் அதிகம் உறுத்தும். கிளாஸ் ஏயில் அது இல்லை. தாளம் தட்டியபின் ஓசை தேய்ந்து அடங்கும் கடைசி நொடிவரை அவ்வளவு சுத்தமாக வேறெதிலும் நான் கேட்டதில்லை. ஆனால் சும்மா இருக்கும்போதே சனலுக்கு 30 வாட்டுக்கு மேல் சூடாக வெளியேற்றுகிறது. கொழும்புப் புழுக்கத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், அதோடு குடித்தனம் நடத்த முடியாது.

இன்றுவரை நிலைத்திருப்பது LM3886 சிப்பில் கட்டிய, 26 டெசிபெல் பெருக்கம் கொண்ட அம்ப்ளிஃபயர். அதற்கும் டுவீட்டருக்கும் இடையில் 12 டெசிபெல் குறைக்கும் எல்-பேட் எனும் இரண்டு மின்தடைச் சுற்று: தொடரில் 6 ஓம், டுவீட்டருக்கு இணையாக 2.7 ஓம். அம்ப்ளிஃபயரின் இரைச்சல், கிராஸ்ஓவரின் இரைச்சல் இரண்டையுமே அது சேர்த்துக் குறைக்கிறது. கிராஸ்ஓவரில் ஒலியளவைக் குறைத்தால் இது நடக்காது. பாட்டு மட்டும் குறையும், இரைச்சல் அப்படியே நிற்கும். இப்போது ஹோர்னுக்குள் காதை வைத்தால்தான் ஏதோ இருப்பதாகத் தோன்றுகிறது. எல்-பேட் போட்டால் அம்ப்ளிஃபயர் பார்க்கும் சுமையும் ஏறக்குறைய 8 ஓமில் நிலைக்கும் என்பதால், கிளாஸ் டி வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

எல்-பேடுக்கு முன்னால் 47 மைக்ரோஃபேரட் பொலிப்ரொப்பிலீன் மின்தேக்கி ஒன்றையும் தொடரில் போட்டிருக்கிறேன். சுமார் 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கும்; அம்ப்ளிஃபயரிலிருந்து நேர்மின்னோட்டம் (DC) கசிந்தாலும் டுவீட்டர் எரியாமல் பிழைக்கும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்டில் இதைத் தவிர்க்கச் சொல்ல என்னால் முடியாது. LM3886க்குள்ளேயே மின்னழுத்தம் குறைந்தால் ஒலியை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறது. மின்சாரம் பட்டென்று போனாலும் 'டப்' என்ற அடி விழுவதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்கள் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கவனிக்க வேண்டும். முன்பு வைத்திருந்த ஓர் அம்ப்ளிஃபயரில் வெளியீடு ரிலே வழியாகத்தான் போகும். உப்புக்காற்றில் அதன் முனைகளில் படலம் படிந்துவிட்டது. வூஃபருக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அதை உடைத்துக்கொண்டு போய்விடும். டுவீட்டரின் சிறிய மின்னோட்டத்தால் முடியாது. இடப்பக்க டுவீட்டர் மங்கும், ஒலியைக் கூட்டினால் திரும்பி வரும். இந்த அறிகுறி தெரிந்தால் டுவீட்டரைச் சந்தேகித்துக் கழற்றாதீர்கள், ரிலேயை மாற்றுங்கள்.

சாதாரண டோம் (குவிமாட வடிவ) டுவீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. உணர்திறன் 92 டெசிபெல் என்றால் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் வெறும் 3 டெசிபெல்தான். எல்-பேட் வேண்டாம், மின்தேக்கி மட்டும் கட்டாயம் போடுங்கள்.