கிராங்க் போய்விட்டதாகச் சொல்லி அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்தார்கள்

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள், இன்ஜினைப் பிரிக்கச் சம்மதம் சொல்வதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே, கடந்த ஐந்து மாதங்களில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வண்டியை அப்பா 1992 ஆம் ஆண்டு திண்டுக்கல்லில் புதிதாக வாங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பிஸ்டன் ஓடும் உருளையான பிளாக் ஸ்டாண்டர்டு போரிலேயே, அதாவது ஒருமுறையும் கடைந்து பெரிதாக்காமல் 50 மில்லிமீட்டர் உள்விட்டத்திலேயே இருந்தது. சென்ற தை மாதத்தில் மூன்று குறைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தென்பட்டன. நான்காவது கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் கால்மிதியிலும் பெட்ரோல் டேங்கிலும் கடுமையான அதிர்வு எழுந்தது. மேட்டில் ஏறும்போது இழுவை வந்து வந்து போனது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஐட்லிங் உடனே இறங்காமல் சிறிது நேரம் உயர்ந்தே நின்றது.

பழைய யமஹா வண்டிகளில் கைதேர்ந்தவர்கள் என்று பலரும் சொன்ன ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தியபடியே முறுக்கிப் பார்த்துவிட்டு, "கிராங்க் போயிடுச்சு சார், பிளாக்கும் போர் போடணும், இப்படியே ஓட்டினா நடுரோட்டுல நின்னுடும்" என்றார். கிராங்க் என்பது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. போர் போடுவது என்றால் பிளாக்கின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவது. அவர் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. புகை வருகிறதா, கியர் ஆயில் குறைகிறதா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பாவின் வண்டி கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் 18,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன்.

இருபத்து மூன்று நாள் கழித்து வண்டி திரும்பி வந்தபோது அதிர்வு அப்படியே இருந்தது. இழுவையோ முன்பைவிட மோசமாகியிருந்தது. கேட்டதற்கு, "புது பிஸ்டன் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ரன்னிங்-இன் முடியட்டும், எல்லாம் அடங்கிடும்" என்றார். நானும் நாற்பதைத் தாண்டாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். புது பிஸ்டன் பழகுவதால் இன்ஜினின் இறுக்கம் குறையுமே தவிர, வேறு இடத்திலிருந்து வரும் அதிர்வு அதனால் நிற்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் திரும்பிப் போய்க் கேட்காமல் அந்த மாதம் கடந்துபோவதற்கே அந்த வார்த்தை பயன்பட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு, ஒட்டன்சத்திரத்தில் நாற்பது ஆண்டுகளாக இதே வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் முதலில் இன்ஜினைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்தார். பின்பக்கப் போல்ட் ஒன்று தளர்ந்து, அதன் துளையே சற்று நீண்டுபோயிருந்தது. இந்த வண்டி ஒற்றை சிலிண்டர் கொண்டது. அதிர்வைச் சமன்செய்யும் தனித் தண்டு இதில் கிடையாது. ஆகவே பிணைப்பு தளர்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் முழுவதும் உதறத் தொடங்கும் என்று அவர் விளக்கினார். அடுத்துப் பிளக்கைக் கழற்றினார், அது வெளுத்திருந்தது. பெட்ரோலின் அளவுக்கு மீறிக் காற்று உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையும் பிளாக்கையும் இணைக்கும் ரப்பரைச் சுற்றிக் கிரீஸைத் தடவி வண்டியை எழுப்பியபோது, ஐட்லிங் கண்ணெதிரே சீரானது. ரப்பரின் அடிப்புறத்தில் நகத்தளவு வெடிப்பு இருந்தது.

"தம்பி, மேக்னெட் பக்க ஆயில் சீல் போனாலும் இதே மாதிரிதான் காட்டும், ஆனா வெளியில இருக்கிறத முதல்ல பார்த்துட்டுத்தான் உள்ள போகணும்" என்றார். கிராங்கின் இரு பக்கமும் காற்றோ ஆயிலோ கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களே இந்த சீல்கள். மேக்னெட் பக்க சீல் போனால் காற்று உள்ளே நுழையும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு எரியும், அதனால் ஆயில் குறையும், புகை அதிகமாகும். என் வண்டியில் இரண்டும் இல்லை. கிராங்க் போனதா என்பதைப் பிளாக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு, மேலும் கீழும் ஆட்டமே இருக்கக் கூடாது. வெறும் சத்தத்தைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பை நம்பினேனே என்பதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. புது ரப்பர், புது போல்ட், சைலன்சர் உள்குழலில் படிந்த கரியை எடுத்தது, கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 1,150 ரூபாய். அதிர்வு அன்றே நின்றது.

இழுவை மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. காரணம் தேடியபோதுதான் பெரிய இழப்பு தெரிய வந்தது. வண்டியோடு வந்த மிக்குனி நிறுவனத்தின் கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெயர் பொறிக்காத வேறொன்று இருந்தது. ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் 0.50 ஓவர்சைஸ் குறி, அதாவது ஸ்டாண்டர்டு அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரியது என்ற குறி தெரிந்தது. 2003 இல் அப்பா இடப்பக்கமாக விழுந்தபோது பிளாக்கைச் சுற்றி வெப்பத்தைத் தணிக்கும் தகடுகளான ஃபின்களில் ஒன்று உடைந்தது. இப்போது இருக்கும் பிளாக்கில் எல்லா ஃபின்களும் முழுதாக இருக்கின்றன, அதாவது இது எங்கள் பிளாக்கே இல்லை. கிராங்கை உண்மையாகவே மாற்றினார்களா என்று அறிய இன்ஜின் கேஸையே பிரிக்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் துணியவில்லை.

1985 இல் அறிமுகமாகி 1996 இல் உற்பத்தி நின்ற வண்டி இது. ஸ்டாண்டர்டு போரில் உள்ள பிளாக்குக்கும் அசல் கார்புரேட்டருக்கும் இன்று தேடி வந்து பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே வண்டியை எங்கே விட்டாலும், அதற்கு முன் இன்ஜின் எண், பிளாக், கார்புரேட்டர் ஆகியவற்றை நெருக்கத்தில் படம் எடுங்கள், கழற்றிய பழைய பாகங்களை உங்களிடமே தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், பில் வாங்குங்கள். பழைய பிளாக் எங்கே என்று நான் கேட்டபோது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாக ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பட்டறை பில் தரவில்லை. கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவும், "பிளாக் போர் போடக் கொடுத்திருக்கு" என்ற அவர்களுடைய செய்தியும் மட்டுமே என்னிடம் உள்ளன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் விவரத்தைப் பதிந்துவிட்டேன். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய இரும்புக்குப் போனதாகச் சொன்னதை நான் நம்பவில்லை. திண்டுக்கல், மதுரைப் பக்கம் ஆர்எக்ஸ் பிளாக் எதுவும் விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து பாருங்கள்: ஸ்டாண்டர்டு போர், இடப்பக்கம் மேலிருந்து மூன்றாவது ஃபின்னின் முன்முனை அரை அங்குலம் உடைந்திருக்கும்.