ஃபாக்ஸ்புரோ புரோகிராமும் ஐந்து வருட விம்மும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கொழுந்துக் கணக்கு இன்னும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில்தான் ஓடுகிறது. டாஸ் காலத்துச் சரக்கு. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கே மைக்ரோசாஃப்ட் 2015-இல் சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. விவசாயிகளுக்கு மாதப் பட்டுவாடா நிற்கக்கூடாதே, அதனால் அதைப் பராமரிக்கும் வேலை எனக்கு.

புரோகிராமைத் திருத்த முதலில் விம் இல்லை, வேறொரு எடிட்டர்தான் வைத்திருந்தேன். ஒரு ஜூலை மழையில் கிளார்க் அண்ணன் போன் செய்தார். "தம்பி, ஈரக் கழிவு பிடிக்கவே மாட்டேங்குது. நனைஞ்ச கொழுந்துக்கும் முழு எடைக்குக் காசு போகுது."

திறந்து பார்த்தால் ஈர எடையைக் கழிக்கும் புரோகிராம் வரி, ஓடும் கட்டளைக்குரிய பளிச்சென்ற நிறத்தில் அங்கேயேதான் இருக்கிறது. அரை நாள் முழித்தேன். மேல்வரி * போட்டு நான் எழுதிய கமெண்ட், அதாவது புரோகிராம் ஓட்டாமல் விட்டுவிடும் குறிப்பு. அதன் கடைசியில் கை தவறி ஒரு ; விழுந்திருந்தது. ஃபாக்ஸ்புரோவில் வரிக்கடைசியில் ; வந்தால் அடுத்த வரியும் இதோடு சேர்த்தி, கமெண்டாக இருந்தாலும். கழிவு வரியும் கமெண்டாகிப் போனது. எடிட்டரோ ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்த்து வண்ணம் அடித்திருக்கிறது.

அப்புறம்தான் விம் எடிட்டருக்கு மாறினேன். ஃபாக்ஸ்புரோ 2.6-க்கு எதற்கு என்ன வண்ணம் என்று சொல்லும் சின்டாக்ஸ் ஃபைல் அதனுடனேயே வருகிறது. ஆனால் .prg என்று முடியும் ஃபாக்ஸ்புரோ ஃபைலைக் கிளிப்பர் என்ற இன்னொரு பழைய மொழி என்று நினைத்துக்கொள்ளும். விம்ஆர்சி என்ற செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் சரி. கமெண்ட் எங்கே தொடங்கும், எதைத் தாண்டும், எங்கே முடியும் என்று மூன்று பேட்டர்னில் விதி எழுதலாம். தாண்ட வேண்டியதாக வரிக்கடைசி ;-ஐக் கொடுத்தேன். அந்தப் பழைய தப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், கழிவு வரி கமெண்டுக்குரிய சாம்பல் நிறமானது. இதற்காகவே விம்மை விட மனசில்லை.

எனக்கு முன்னால் எழுதியவர் கட்டளைகளை முதல் நான்கு எழுத்தோடு நிறுத்திவிடுவார், ஃபாக்ஸ்புரோவும் ஏற்றுக்கொள்ளும். சில இடத்தில் ஐந்து, சில இடத்தில் முழுசு. மீதி எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று சொல்ல விம்மில் \%[] இருக்கிறது.

குறையும் உண்டு. எடைக்குப் பின் ; போட்டு, அடுத்த வரியை "* விலை" என்று தொடங்கினால் அது பெருக்கல், கமெண்ட் அல்ல. அதைப் பிரித்தறிய முந்தைய வரியைத் திரும்பிப் பார்க்கும் பேட்டர்ன் எழுதினேன். வேலை செய்கிறது, ஆனால் என் பழைய லேப்டாப்பில் பெரிய ஃபைலை உருட்டினால் திக்குகிறது. பட்டுவாடா நாளில் மட்டும் அந்த விதியை அணைத்துவிடுகிறேன்.