பழைய ஜிப்சியும் ஒற்றை ஃபேன் பெல்ட்டும்

மாருதியின் ஜிப்சி கிங் ஜீப் வைத்திருப்பவர்களிடம் பெல்ட் என்றால் உடனே இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே ஓடும் ஃபேன் பெல்ட்டை யாரும் மதிப்பதில்லை. என் வண்டி 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ, அதாவது ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏசியும் போடவில்லை. அதனால் மொத்தமே ஒரு வி-பெல்ட்தான் (குறுக்கே வெட்டினால் V வடிவம்). இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஓடவைக்கும் வாட்டர் பம்ப், அதோடு சேர்ந்த ஃபேன், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் அதுவே சுற்றுகிறது. அறுந்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும். சார்ஜ் ஏறாததுதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் தீர்ந்தது கதை. கூலன்ட் ஓட்டமும் நின்றிருக்கும். இன்ஜின் பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட் இரண்டுமே அலுமினியம். சூடேறி ஹெட் வளைந்துவிட்டால் வரும் செலவில் பெல்ட்டை மூட்டையாக வாங்கலாம்.

நான் அதிகம் ஓடுவது ஆழியாறு வழியாக வால்பாறை ஏறும் சாலையில். 40 கொண்டை ஊசி வளைவுகள். வேகம் குறைவு, இன்ஜின் சுற்று அதிகம், எதிர்க்காற்றை நம்ப முடியாது, ஃபேன்தான் கதி. பெல்ட் லேசாக வழுக்கினாலும் டெம்பரேச்சர் முள் முதலில் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இறுக்கம்தான் எல்லாமே. நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டை விரலால் நன்றாக அழுத்தினால் சுமார் கால் அங்குலம் இறங்க வேண்டும். தளர்ந்தால் கீச்சிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமாக இறுக்கினால் சத்தமே வராது, அதுதான் ஆபத்து. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்பி மாதிரி இறுக்கி அனுப்பினார்கள். வண்டி அமைதியாக ஓடியது. சில மாதங்களில் ஆல்டர்னேட்டர் பேரிங் ஊளையிட ஆரம்பித்தது. அப்போதிலிருந்து இந்த வேலைக்கு நான் யாரையும் விடுவதில்லை.

கீச் சத்தம் வந்தால் இன்ஜின் ஓடும்போது விரலையும் சட்டைக் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்வு. சட்டென்று நின்று மறுபடி வந்தால் புல்லிகள், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்கள், நேர்க்கோட்டில் இல்லை. பெல்ட் டிரெஸிங் ஸ்பிரே எல்லாம் வீண் செலவு.

மாற்றும் வேலை சுலபம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும் மேலே உள்ள அட்ஜஸ்டர் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். ஃபேனைத் தாண்டி எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். இறக்கை ஒவ்வொன்றாகச் சுற்றி வளைத்து வெளியே எடுக்க வேண்டும், புதியதையும் அப்படியே உள்ளே விட வேண்டும். புது பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டரை லீவர் கொடுத்து வெளிப்பக்கம் இழுக்கும்போது ஆல்டர்னேட்டரின் மெல்லிய அலுமினிய விளிம்பில் முட்டுக் கொடுக்காதீர்கள், உடையும். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். ஒருமுறை மறுபடி இறுக்கியே ஆக வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, எந்த பெல்ட்? உள்பக்கம் பல் வெட்டியதுதான் என் தேர்வு. சின்ன ஆல்டர்னேட்டர் புல்லியில் எளிதாக வளையும், சூடும் குறைவு. என் அனுபவத்தில் சாதாரண பெல்ட்டைவிட நன்றாகவே உழைக்கிறது. விலை வித்தியாசம் பெரிதில்லை. கடைக்குப் போகுமுன் பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது அழிந்துபோகும், அப்புறம் கடைக்காரர் குத்துமதிப்பாக ஒன்றைக் கொடுப்பார்.

பெல்ட் சீக்கிரம் போய்க்கொண்டே இருந்தால் பெல்ட்டைத் திட்டாமல் புல்லியைப் பாருங்கள். வி-பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளவென்றிருந்தால் பெல்ட் அடியில் உரசுகிறது. பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது. என் வண்டியில் காரணம் வேறு: கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் போயிருந்தது. டைமிங் பெல்ட்டுக்காகப் பிரித்த அன்றே சீலையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிட்டேன், எப்படியும் முன்பக்கம் முழுவதும் கழன்றுதானே இருக்கிறது.

கழற்றிய பெல்ட்டில் வெடிப்பு இல்லாவிட்டால் எறியாமல் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பேனரோடு போட்டு வையுங்கள். காட்டுப் பாதையில் அறுந்தால் மலையிறங்க அது போதும்.