மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடை: வடையும் நல்லது, கதையும் நல்லது

பெயர்ப்பலகை இல்லாத சின்னக் கடைதான், ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கதிரை கிடைக்காது. வடை சூடு, சம்பல் நல்ல உறைப்பு, பால் தேத்தண்ணிக்கு முழுப் புள்ளி. ரோல்ஸ் மட்டும் ஆறித்தான் வருகிறது.

நான் போவது கதை கேட்கவும்தான். போன கிழமை இலங்கைக்கு நல்ல நண்பன் சீனாவா இந்தியாவா என்று தொடங்கியது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்த சீனர்கள் எங்களை விழுங்கிவிடுவார்கள் என்று ஒருவர், 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது கிட்டத்தட்ட 400 கோடி டொலர் உதவிய இந்தியாவை மறக்கலாமா என்று இன்னொருவர், சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டிருக்கும். 1987இல் அமைதி காக்க என்று வந்து சண்டையில் இறங்கிய இந்திய அமைதிப்படையை நேரில் கண்ட ஐயா ஒருவர், இந்தியா பக்கம் பேசியவரைப் பார்த்து, "தம்பி, நீ அப்ப பிறக்கவே இல்லை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அது மனதில் தைத்தது. நானும் இந்தியா பக்கம்தான், ஆனால் கணக்குப் பார்த்து வந்த பக்கம் இல்லை, மொழியாலும் உறவாலும் வந்தது. மனதுக்குச் சொந்தமான நாடு செய்தால் உதவி, அதன் எதிரி செய்தால் பொறி என்று சொல்லிவிடுகிறோம். பக்கத்திலேயே யப்பான் உதவியில் கட்டி 2013இல் திறந்த புதுப்பாலம் நிற்கிறது, அதைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு முன் போங்கள், வடை முடிந்துவிடும்.