திருச்சி டு சிங்கப்பூர்: ரோமிங் பேக்கா, டூரிஸ்ட் சிம்மா, இ-சிம்மா?

முதல் தடவை சிங்கப்பூர் போனபோது அங்கே போனில் டேட்டாவுக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. போஸ்ட்பெய்ட் இணைப்பு. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு, "வந்து சேர்ந்துட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். போன் செய்தது வேறு. கிளம்பும்போது எடுத்த படங்களை எல்லாம் பேக்கப்புக்கு ஏற்றியது, குடும்பக் குழுவில் குவிந்திருந்த வீடியோக்களை இறக்கியது, இரண்டு மூன்று செயலிகளைப் புதுப்பித்தது. அடுத்த மாத பில்லில் ரோமிங் தொகை, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் நம் சிம்மை ஓட்டியதற்கான காசு மட்டும், விமான டிக்கெட்டில் பாதி இருந்தது.

முன்கூட்டியே காசு கட்டி வாங்கும் ரோமிங் பேக் இல்லாமல் ஓடும் டேட்டாவுக்கு எம்.பி. கணக்கில் காசு போடுவார்கள். எம்.பி.க்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஒரு ஜி.பி.க்கு 5,120 ரூபாய் ஆகிவிடும். ப்ரீபெய்டில் இருப்பவர்களுக்கு இருப்பு தீர்ந்தால் நின்றுவிடும்; போஸ்ட்பெய்டில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்.

நம்ம ஊர் நிறுவனத்தின் ரோமிங் பேக்தான் இருப்பதில் சுலபமானது. சிம்மை மாற்ற வேண்டாம், எண் அப்படியே இருக்கும், ஊரிலிருந்து வரும் அழைப்பையும் எடுக்கலாம். ஆனால் டேட்டாவை மட்டும் பார்த்தால், அதே காசுக்கு அங்கே கிடைப்பதைவிட இது பெரும்பாலும் குறைவு. வாங்குமுன் சின்ன எழுத்துகளைப் படிக்க வேண்டும். சில பேக்குகளில் ஒரு நாள் என்றால் 24 மணி நேரம். சிலவற்றில் நள்ளிரவோடு நாள் மாறிவிடும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், எந்த ஊர் நள்ளிரவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் எந்த நெட்வொர்க்கில் பேக் செல்லும் என்பது அடுத்த கேள்வி. கூட்டாளி அல்லாத நெட்வொர்க்கைப் போன் பிடித்தால், சில பேக்குகளில் டேட்டாவே வராது, சிலவற்றில் தனிக் கட்டணம்.

டூரிஸ்ட் சிம் விஷயத்தில் சிங்கப்பூர் தாராளம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் பயணிகளுக்கென்றே சிம் விற்கின்றன, சாங்கியிலேயே வாங்கலாம். பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம்தான் இருக்கலாம் என்பது அங்கே சட்டம். டேட்டா நமக்குத் தீராத அளவு தருவார்கள். ஒரே சிம்மை வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டுக் குடும்பமே ஓட்டியிருக்கிறோம். சிக்கல் சிம்மைக் கழற்றும் இடத்தில்தான். ஒற்றை சிம் போன் என்றால் இந்திய சிம் பர்ஸுக்குள் போய்விடும், அதோடு வங்கி ஓ.டி.பி.யும் போய்விடும். யுபிஐ செயலிகளும் சிம்மோடு கட்டப்பட்டவை. சிம்மைக் காணவில்லை என்றால் மறுபடி சரிபார்க்கச் சொல்லித் தொல்லை தரலாம். வாட்ஸ்அப்பில் மட்டும் எனக்குச் சிக்கல் வரவில்லை. "எண்ணை மாற்றவா?" என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பழைய எண்ணிலேயே ஓடியது.

இந்தச் சிக்கலுக்கு இ-சிம் நல்ல மருந்து. இது போனுக்குள்ளேயே இருக்கும் சிம், கழற்றி மாட்ட வேண்டாம். இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கும். வெளிநாட்டு டேட்டா இ-சிம்மில் ஓடும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மாடல்களிலிருந்து இந்த வசதி இருக்கிறது. க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து நிறுவ இணையம் வேண்டும் என்பதால் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, எண் வராது. கிராப் டாக்சி ஓட்டுநரோடு செயலிக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். ஓர் அளவுக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள், சிலர் ஹாட்ஸ்பாட்டையும் பூட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லை என்றுதான் 2024 ஜனவரியில் பயண இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்ளை செயலிகளை இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கச் சொன்னார்கள். அதனால் அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சாங்கியில் இறங்கி, விமான நிலைய வைஃபையில் இணைந்து அங்கே வாங்கலாம்.

இலவச வைஃபையை மட்டும் நம்பிப் போகலாமா? சிங்கப்பூரில் அது முடியாத காரியமில்லை. விமான நிலையம், எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் நிலையம், மால் என்று எங்கும் இருக்கிறது. கூகுள் மேப்ஸில் ஊரையே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் லிட்டில் இந்தியா சந்துக்குள் மழையில் நின்றுகொண்டு வைஃபை தேடியவன் மறுபடி அந்தச் சிக்கனத்தைச் செய்ய மாட்டான். நான் செய்யவில்லை.

என் தேர்வு இரட்டை சிம்தான். டேட்டாவுக்கு இ-சிம்மோ டூரிஸ்ட் சிம்மோ, ஓ.டி.பி.க்கு இந்திய சிம். இந்திய சிம்மில் பன்னாட்டு ரோமிங் சேவையை இயக்கிவிட்டு, போனில் அந்த சிம்முக்கு 'டேட்டா ரோமிங்'கை மட்டும் அணைத்துவிட வேண்டும். குறுஞ்செய்தி பெற நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஐபோனில் 'அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு சிம்மில் சிக்னல் இல்லையென்றால் டேட்டாவை இன்னொன்றுக்கு மாற்றிவிடும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இது உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள். பேக் இல்லாமல் இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும். எடுக்காமல் விட்டாலும், வேறு எண்ணுக்குத் திருப்பும்படி வைத்திருந்தால், சிங்கப்பூர் வரை வந்த அழைப்பு திரும்ப இந்தியாவுக்குப் போகும், அதற்கும் சேர்த்துக் கட்டணம் வரலாம். கிளம்புமுன் ##002# அடித்துக் கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு மட்டும் இதையெல்லாம் சொல்வதில்லை. ஊரில் இருக்கிற மாதிரியே அவர் போன் வேலை செய்ய வேண்டும், அக்கா கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அவருக்கு ரோமிங் பேக்தான் போட்டுத் தருகிறேன். கூடுதல் காசு அவருடைய நிம்மதிக்கு.

சீனா போகிறவர்களுக்கும் என் ஓட்டு ரோமிங்குக்கே. ரோமிங்கில் டேட்டா பொதுவாக நம் நாட்டு நெட்வொர்க்குக்குத் திரும்பி வந்துதான் இணையத்துக்குள் போகும். அதனால் அங்கே உள்ளூர் சிம்மில் திறக்காத கூகுளும் வாட்ஸ்அப்பும் இதில் திறக்கும்.

பேக் போட்டாலும் போடாவிட்டாலும் கை நழுவும் இடங்கள் உண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் அகல நீர்தான். கரையில் நின்றாலே போன் எதிர்க்கரை நெட்வொர்க்கைப் பிடிக்கும். பேக் சிங்கப்பூருக்கு மட்டும் என்றால் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். மலேசியாவின் பத்துமலை போகும் திட்டமிருந்தால் இரண்டு நாட்டுக்கும் சேர்ந்த பேக்கோ இ-சிம்மோ வாங்குவதே நல்லது. மரினா பே துறையிலிருந்து கப்பலேறுகிறவர்கள் கரை மறைவதற்குள் ஃப்ளைட் மோட் போட்டுவிட வேண்டும். நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் சொந்த நெட்வொர்க்கை, அது செயற்கைக்கோள் வழியாக ஓடுவது. சாதாரண நாட்டு பேக் எதுவும் அங்கே செல்லாது. விமானத்துக்குள்ளும் இதே கதைதான்.