ஸ்பான்சர் வாங்கித் தர்றோம், முதல்ல டெபாசிட் கட்டுங்க

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு மாதிரி வினாக்கள் தரும் ஆப் ஒன்றை பிளே ஸ்டோரில் போட்டிருக்கிறேன். தினமும் 800 பேர் அளவில் வருகிறார்கள். சர்வர் செலவுக்காவது ஆகுமே என்று ஸ்பான்சர் தேடுவதாக லிங்க்ட்இன்னில் எழுதினேன். சீக்கிரமே சென்னை விளம்பர ஏஜென்சி என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். பெரிய குளிர்பான கம்பெனி மாணவர் ஆப்களைத் தேடுகிறதாம். மாதம் 3 லட்சமாம். லோகோ போட்ட கடிதமும் அனுப்பினார்.

"சார், வெண்டார் பதிவுக்கு டெபாசிட் 15,000, ஜிஎஸ்டி 18 சதவீதம், மொத்தம் 17,700. முதல் பேமென்ட்டோட டெபாசிட் திரும்ப வந்துடும்."

கட்டினேன். அடுத்த வாரமே பேச்சு மாறியது. பிளே ஸ்டோரில் என் ஆப்புக்கு டவுன்லோடு '5,000+' என்றுதான் தெரிகிறதாம், பிராண்டுக்கு 50,000 வேண்டுமாம், 25,000 ரூபாய் தந்தால் அவருடைய டீமே டவுன்லோடு ஏற்றித் தருமாம். காசு கொடுத்து இன்ஸ்டால் கணக்கை ஏற்றுவது கூகுள் பிளே விதிகளுக்கு விரோதம், ஆப்பையே தூக்கிவிடுவார்கள். முடியாது என்றேன். அன்றோடு ஆள் காணோம்.

பிறகு அவருடைய ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். லாகின்கூட வேண்டாம், யாரும் பார்க்கலாம். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும். இது 29, கர்நாடகம். வந்த பெயரோ ஏதோ கிரானைட் வியாபாரியுடையது. பாவம், அவருக்கு இது தெரிந்திருக்கவே நியாயமில்லை. இன்னொன்று: நிஜமாகவே திருப்பித் தரும் டெபாசிட் என்றால் அதற்கு ஜிஎஸ்டியே வராது. ரசீதும் தரவில்லை.

விலையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று தெரிவதே அங்கேதான். 800 பேர், ஆளுக்கு ஐந்து முறை பேனர் கண்ணில் படும் என்று வைத்தால் மாதம் 1,20,000 பார்வை. ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். அவர் சொன்ன 3 லட்சத்தை இதே கணக்கில் போட்டால் ஆயிரத்துக்கு 2,500! என் ஆப்புக்கு எந்தக் குளிர்பானக்காரன் அதைக் கொடுப்பான்? தினசரி எத்தனை பேர் வருகிறார்கள், இன்று வந்தவர் நாளையும் வருகிறாரா என்று அந்த மனிதர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நிஜமாகப் பணம் போடுகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார், ஆப்புக்கு வருபவர் கணக்கைக் காட்டும் கூகுளின் ஃபயர்பேஸ் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்வார்.

இப்போது எங்கள் ஊர் கோச்சிங் சென்டர் ஒன்று மாதம் 8,000 தருகிறது. நான் கணக்குப் போட்ட 6,000-ஐவிடக் கூடுதல்தான். ஆப் வழியாக இரண்டு பேர் சேர்ந்தாலே அவர்களுக்குப் போட்ட காசு வந்துவிடும், பேரம் பேசியதும் அதை வைத்துத்தான். அவர்கள் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பான் எண்ணும் வங்கி விவரமும்தான்.

1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. அனுப்பின உடனே சொன்னால் பணம் போன வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அதே கடிதம், குளிர்பானத்துக்குப் பதில் ஒரு ஷூ கம்பெனி லோகோவோடு, நண்பர் ஒருவருக்கு நேற்று வந்திருக்கிறது. டெபாசிட் அதே 15,000.