முகத்துவாரம் வெட்ட வரும் பெக்கோ சேவை: காசு கொடுக்குமுன் பார்க்கவேண்டியவை

மாரி மழையில் மட்டக்களப்பு வாவி நிரம்பி, அதன் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை தாழத் தொடங்கினால், பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் முகத்துவாரத்தை, அதாவது மணல் மூடிய வாவியின் கடல் வாயை, வெட்டச் சொல்லிக் குரல் எழும். தீர்மானம் எடுக்கப்பட்டதும் கரைக்கு வருவது வாடகை பெக்கோதான் (மண் அள்ளும் இயந்திரம்). மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கிடைக்கும் இந்தச் சேவைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

இயந்திரத்தில் குறை இல்லை. 20 தொன் செயின் பெக்கோ ஒரு வாளியில் ஏறக்குறைய ஒரு கனமீற்றர் மணல் அள்ளும். சில்லு வைத்த ஜேசிபியை அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள், ஈர மணலில் புதையும்.

குறையெல்லாம் வெட்டும் முறையில். பெக்கோ தொடக்கி வைக்கிறது, மிச்ச வேலை தண்ணீருடையது. நடுத்தர மணல் விநாடிக்கு 0.3 – 0.4 மீற்றர் ஓட்டத்திலேயே நகரத் தொடங்கும், ஒரு மீற்றரைத் தாண்டினால் வாய்க்கால் தன்னைத் தானே தோண்டிக்கொள்ளும். அந்த வேகம் வர, வாய்க்கால் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருக்கவேண்டும். மூன்று நான்கு மீற்றர் அகலம் போதும். மணித்தியாலக் கூலிக்கு வருபவர்கள் அகலமாகவும் மேலோட்டமாகவும் வெட்டுகிறார்கள். தண்ணீர் பரந்து வேகம் இழக்கிறது, அடுத்த கடற்பெருக்கில் அலை தள்ளும் மணல் வாயை அடைத்துவிடுகிறது.

நேரமும் முக்கியம். வாவிப் பக்கம் ஒரு மணல் தடுப்பை விட்டுவிட்டு மற்றதை முழுக்க வெட்டி முடிக்கவேண்டும். பெருக்கு உச்சம் கடந்து வற்றத் தொடங்கியதும் அந்தத் தடுப்பை உடைத்தால், கடல் இறங்க இறங்க ஆறு மணித்தியாலத்துக்கு இழுவை கூடிக்கொண்டே போகும். ஆனால் நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே உண்மையான பலம் வாவியின் மட்டத்தில்தான் இருக்கிறது. கடலைவிட வாவி சில அங்குலம் மட்டுமே உயர்ந்திருக்கும்போது வெட்டுவது டீசலுக்கு நட்டம்.

பெரிய பிழை, அள்ளிய மணலை வைக்கும் இடம். பெக்கோவின் கை எட்டுவது ஒன்பது, பத்து மீற்றர்தான். அதற்குள் குவித்த மணல், வாய் அகலும்போது இடிந்து மறுபடி உள்ளே விழும். இரண்டாவது இயந்திரமோ டிப்பரோ வைத்து அப்பால் நகர்த்தவேண்டும், அதுவும் தெற்குப் பக்கத்துக்கு. வாடைக்காற்றுக் கால (வடகிழக்குப் பருவ) அலை மணலை வடக்கிலிருந்து தெற்கே இழுத்து வருவதால், வடக்கே குவித்தது நேரே வாய்க்குள் வந்து சேரும். சோளகத்தில் (தென்மேற்குப் பருவத்தில்) ஓட்டம் வடக்கு நோக்கித் திரும்பும். ஒலுவில் துறைமுகத் தடுப்பு இந்தக் கரையோர ஓட்டத்தை மறித்ததால் வடக்கே கரை எவ்வளவு அரிபட்டது என்பதை அந்த ஊர் மக்கள் நன்றாக அறிவார்கள். மணலை ஏற்றி விற்க விடாதீர்கள். அது கரையின் சொத்து, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியின்றி எடுக்கவும் முடியாது.

தடுப்பை உடைக்கும்போது, திரும்பிப் போகப் பாதை இருக்கும் கரையில் பெக்கோ நிற்கிறதா என்று பாருங்கள். ஓட்டம் பிடித்ததும் கரை துண்டு துண்டாகச் சரியும், செயினுக்கு அடியில் மணல் போவது ஓட்டுநருக்குத் தெரியாது. கை நீட்டித் தடுப்பைக் கிள்ளியதும் பின்வாங்கத் தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள். கூலியை மணித்தியாலத்துக்குப் பேசாமல் வேலைக்குப் பேசி, இரண்டாம் இயந்திரத்தின் செலவையும் லோபெட் (பெக்கோவை ஏற்றி வரும் லொறி) கூலியையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.